எண்ணூர் வழியே பழவேற்காட்டுக்கு

பழவேற்காட்டின் பழைய பள்ளிவாசல்களைக் காணச் சென்னையிலிருந்து வடக்கே செல்வோர், வழியில் எண்ணூரிலும் சற்று இறங்கிப் பாருங்கள். கொசத்தலையாறு கடலோடு கலக்கும் அந்த முகத்துவாரத்தில் ஒரு காலத்தில் இறாலும் நண்டும் குறைவின்றிக் கிடைத்தன. இன்று கண்ணில் முதலில் படுபவை புகைபோக்கிகள். 1970இல் தொடங்கிய எண்ணூர் அனல் மின் நிலையம் 2017இல் மூடப்பட்டுவிட்டது. வடசென்னை, வல்லூர் நிலையங்கள் இயங்கிக்கொண்டிருக்கின்றன.

நம் நாட்டு நிலக்கரியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சாம்பலே. வடசென்னை நிலையத்தின் சாம்பலை நீரில் கலந்து குழாய் வழியே செப்பாக்கத்துச் சாம்பற்குளத்திற்கு அனுப்பி வந்தனர். குழாய் கசிந்தபோதெல்லாம் அது ஆற்றில் படிந்தது. ஈயமும் ஆர்செனிக்கும் அச்சாம்பலோடு ஒட்டி வருபவை.

பாதரசத்தின் குணம் வேறு. உலை வெப்பத்தில் ஆவியாகிப் புகையோடு வெளியேறிவிடும். தூசியைத் தடுக்கும் கருவியில் அதன் ஒரு பகுதியே சிக்கும். கந்தகப் புகையைச் சுண்ணாம்புக்கல் கரைசலால் கழுவும் அமைப்பு இருந்தால் மேலும் ஒரு பகுதி அகப்படும். பெரிய நிலையங்களுக்கும் புதியனவற்றிற்கும் ஒரு கன மீட்டர் புகையில் 0.03 மில்லிகிராம் பாதரசமே இருக்கலாம் என்று மத்திய அரசு 2015 டிசம்பரில் வரம்பு வகுத்தது. ஆனால் 2025 ஜூலையில், நாட்டின் பெரும்பாலான நிலையங்களுக்குக் கந்தகக் கழுவல் கட்டாயமில்லை எனத் தளர்த்தியது. சலுகை கந்தகத்திற்குத்தான்; அதோடு பாதரசத்தைப் பிடிக்கும் வாய்ப்பும் நழுவியதைப் பேசுவார் குறைவு.

இதில் நமக்கென்ன என்கிறீர்களா, சகோதரிகளே? காற்றிலிருந்து நீரில் இறங்கும் பாதரசம், நுண்ணுயிர்களால் மெத்தில் பாதரசமாகி, சிறுமீனிலிருந்து பெருமீனுக்கு ஏறுகிறது. கருவிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சியை அது கெடுக்கும். பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கட்டும் என்று பாசத்தோடு நாம் ஆக்கிப் போடுவதோ சுறாப்புட்டு! பிற மீன்களைத் தின்று நெடுநாள் வாழும் சுறாவில் பாதரசம் மிகுதி. மீனே ஆகாது என்று நான் சொல்லவில்லை. அது நல்ல உணவு. கருவுற்றவளுக்கும் பாலூட்டுபவளுக்கும் சுறாவை விடுத்து நெத்திலியோ மத்தியோ கொடுக்கலாம்.

பழவேற்காட்டில் லுஹர் தொழுதுவிட்டு மீன்கடைப் பக்கம் சென்றோம். என் துணைவியார் வழக்கம்போல் சுறாவை விலை கேட்டார்; பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு நெத்திலி வாங்கிக்கொண்டார். எங்கள் மருமகளுக்கு, இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் பேறுகாலம்.