புல் வெட்டும் கணக்கு



“படிக்காவிட்டால் புல் வெட்டத்தான் போவாய்!” நம் வீடுகளிலும், சில வேளைகளில் வகுப்பறைகளிலும் ஒலிக்கும் வசை இது. இதைக் கேட்கும்போதெல்லாம் சுங்கை வேயில் வசிக்கும் என் முன்னாள் மாணவர் ஒருவர் நினைவுக்கு வருவார். 1972-இல் இங்கே தடையற்ற வாணிப வட்டாரம் தொடங்கப்பட்ட பிறகு, தொழிற்சாலை வேலையை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் பல. அவரும் அப்படித்தான் இருந்தார். பின்னர் வேலையை விட்டு, தோளில் மாட்டும் புல்வெட்டும் இயந்திரம் ஒன்றை வாங்கிச் சொந்தத் தொழில் தொடங்கினார்.

ஒரு வீட்டிற்கு எவ்வளவு வாங்குகிறாய் என்று கேட்டேன். “30 ரிங்கிட், ஐயா. மற்றவர்களும் அவ்வளவுதான் வாங்குகிறார்கள்” என்றார்.

இருவரும் தாள் எடுத்துக் கணக்குப் போட்டோம். மாதத்தில் வேலை நாள் 26. மழைக்கு 6 நாளை விட்டால் மீதம் 20. நாளுக்கு 4 வீடு எனில் 80 வீடு. வரவு 2,400 ரிங்கிட். இனிச் செலவு. வண்டித் தவணையும் பயணமும் 500. பெட்ரோல், எண்ணெய், தங்கூசி நூல் 300. 1,200 ரிங்கிட் இயந்திரம் 2 ஆண்டு உழைக்கும் என்றால் அதற்கு மாதம் 50. சொக்சோ, ஊழியர் சேமநிதி 150. மொத்தம் 1,000 ரிங்கிட். கைக்கு மிஞ்சுவது 1,400.

2025 ஆகஸ்டு முதல் எல்லா முதலாளிகளும் கொடுக்க வேண்டிய குறைந்தபட்சச் சம்பளமே 1,700 ரிங்கிட். முதலாளி ஆகிவிட்டதாக மகிழ்ந்தவர், தமக்குத் தாமே அதற்கும் குறைவாகக் கூலி கொடுத்துக்கொண்டிருந்தார்.

பிறகு கணக்கைத் திருப்பிப் போட்டோம். வேண்டிய வருமானம் 2,200, செலவு 1,000. கூட்டி 80 ஆல் வகுத்தால் வீட்டிற்கு 40 ரிங்கிட். “பத்து ரிங்கிட் கூட்டினால் வாடிக்கையாளர் போய்விடுவார்களே” என்று தயங்கினார். 20 வீட்டார் விலகினாலும், 60 வீட்டில் அதே 2,400 ரிங்கிட் கிடைக்கும். உழைப்பும் எரிபொருளும் குறையும் என்றேன். மூலை வீட்டிற்கும், முழங்கால் உயரம் வளர்ந்த புல்லுக்கும் தனி விலை என்றும் எழுதிக்கொண்டார்.

தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் மலேசிய நிறுவன ஆணையத்தில் பதிய வேண்டும். சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 ரிங்கிட், வணிகப் பெயரில் என்றால் 60. வெட்டும்போது தெறிக்கும் கல் கண்ணையே பறிக்கக்கூடும். ஆகவே பாதுகாப்புக் கண்ணாடியும், 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த சொக்சோ சுயதொழில் பாதுகாப்பும் ஆடம்பரம் அல்ல.

அன்பர்களே, நாங்கள் போட்டவை யாவும் தொடக்கப்பள்ளிக் கணக்குகளே. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல். அதற்கு மேல் ஒன்றுமில்லை. புல் வெட்டுவதை வசையாகச் சொல்வதை விடுத்து, வகுப்பில் ஒரு கணக்காகக் கொடுத்துப் பாருங்கள். அம்மா விற்கும் நாசி லெமாக்கிற்கும், அக்காள் தைக்கும் இரவிக்கைக்கும் விலை போடச் சொல்லுங்கள். அந்த விலையில் உழைப்பவரின் கூலியையும் சேர்த்தார்களா என்று தவறாமல் கேளுங்கள். நம் மக்கள் பெரும்பாலும் எழுத மறக்கும் வரி அதுதான்.