இடம் எங்கே போனது?

ஹாலிஎலயில் மழை இறங்கினால் மாலை நான்கு மணிக்கே விளக்குப் போட வேண்டும். அப்படியொரு மாலையில்தான் மகள் லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "உம்மா, இதில இடமே இல்லையாம். ஒப்படையை சேவ் பண்ண ஏலாம இருக்கு." ஒப்படை கொடுக்க இரண்டு நாள்தான் இருந்தது.

பதுளையில் ஒரு கடையில் கேட்டோம். பெரிய டிஸ்க் ஒன்று போடத்தான் வேண்டும் என்றார்கள். சொன்ன விலையைக் கேட்டு பஸ் ஏறி வந்துவிட்டோம்.

நம்மில் பலரைப் போல நானும் முதலில் கைவைத்தது போட்டோக்களில்தான். தங்கச்சியின் கலியாணப் படங்கள் முந்நூறையும் அழித்தேன். இடம் துளியும் கூடவில்லை. அழித்தவை எல்லாம் ரீசைக்கிள் பின்னுக்குள் போய் உட்கார்ந்திருக்கும். அதைக் காலி செய்யும்வரை இடம் கிடைக்காது. நல்ல வேளை, படங்களைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். ஒரு படம் மூன்று எம்பி என்றால், முந்நூறும் ஒரு ஜீபீக்கு வராது. அந்தக் கணக்கையல்லவா முதலில் போட்டிருக்க வேண்டும்!

சகோதரிகளே, அழிக்குமுன் பார்க்க வேண்டும். செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் ஸ்டோரேஜ் என்று போனால் எது எவ்வளவு பிடித்திருக்கிறது என்று காட்டும். (பெட்டியில் 256 ஜீபீ, திரையில் 238 என்று கண்டு கடைக்காரரை ஏசாதீர்கள். செய்பவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024ஆக எண்ணுகிறது.) இன்னும் தெளிவாகப் பார்க்க வின்டிர்ஸ்டாட் என்ற இலவச மென்பொருளை மகள் இறக்கினாள். டிஸ்க் முழுவதையும் வண்ணக் கட்டங்களாக விரித்துக் காட்டுகிறது. பெரிய கோப்புக்குப் பெரிய கட்டம். இந்த வரைபட முறை பிறந்ததும் நம்முடையதைப் போன்ற ஒரு தொல்லையால்தான். 1990இல் அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் 14 பேர் பகிர்ந்துகொண்ட 80 எம்பி டிஸ்க் நிரம்பிவிட, இடத்தைப் பிடித்திருப்பது எது என்று கண்டுபிடிக்கப் பேராசிரியர் பென் ஷ்னைடர்மன் இதை யோசித்தார்.

எங்கள் திரையில் பாதியை அடைத்து நின்றது 'ஸூம்' என்ற கோப்புறை. 93 ஜீபீ!

எல்லாம் என் வேலைதான். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபின் ஸூமில் தமிழ்ப் பாடம் நடத்தினேன். தோட்டத்துப் பிள்ளைகள் பலருக்கு சிக்னல் கிடைக்காது. அவர்களுக்குக் கொடுத்தனுப்பவென்று ஒவ்வொரு பாடத்தையும் பதிவு செய்தேன். பிறகு மறந்தே போனேன்.

"அழிச்சிடவா உம்மா?" என்றாள் மகள். ஒன்றைத் திறந்து பார்ப்போம் என்றேன். நான் வேற்றுமை உருபு சொல்லிக்கொண்டிருக்கிறேன், பின்னால் சமையலறையிலிருந்து என் உம்மாவின் குரல்: "புள்ள, தேத்தண்ணி ஆறுது!" பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

உம்மா 2022இல் மௌத்தாகிவிட்டார். படமெடுக்க விடமாட்டார், குரலைப் பதிவு செய்ய எங்களுக்கும் தோன்றவில்லை.

ஸூம், வீடியோவோடு ஒலியை மட்டும் தனிக் கோப்பாகவும் வைத்திருக்கிறது. அது மிகச் சிறியது. உம்மா எந்த வீடியோவிலும் முகம் காட்டவில்லை, ஆகவே வீடியோக்களை நீக்கி ஒலிக் கோப்புகளை வைத்துக்கொண்டோம். ஒப்படை அன்றிரவே சேவ் ஆயிற்று. ஒலிக் கோப்புகளைப் பென் டிரைவ் இரண்டில் பிரதி எடுத்து, ஒன்றைத் தங்கச்சிக்கு அனுப்பினேன்.

இஷாவுக்குப் பிறகு தினம் ஒன்றாகக் கேட்கிறோம். இப்போது 2021 ஜூன் மாதத்தில் நிற்கிறோம்.