ஒரு பத்திரம், ஒரு பெயர்

கலியாணம் எண்டால் எங்களுக்கு மண்டபமும் மேளமும்தான் நினைவுக்கு வரும். சட்டத்துக்கு அது வேறொன்று எண்டதை, ஜிம் ஓபர்கெஃபெல், ஜோன் ஆர்தர் கதையை வாசிச்சபோதுதான் கூடிக் கதைச்சம்.

அமெரிக்காவில் அப்போது மாநிலத்துக்கொரு சட்டம். வெர்மொன்ட் 2000இல் ஒருபால் இணையர்களுக்கு 'சிவில் இணைப்பு' தந்தது. மசாசூசெட்ஸ் 2004இல் திருமணத்தையே ஏற்றது. அதே வருசம் ஒஹாயோ தன் அரசியலமைப்பிலேயே தடையை எழுதியது. ஒஹாயோவில்தான் ஜிம்மும் ஜோனும் இருபது வருசமாகச் சேர்ந்து வாழ்ந்தவர்கள்.

ஜோன் நரம்பு நோயில் படுத்த படுக்கை. 2013 யூலையில், அனுமதி இருந்த மேரிலாந்துக்கு மருத்துவ விமானத்தில் போய், தரித்து நின்ற விமானத்துக்குள்ளேயே மணமுடித்தார்கள். ஒஹாயோவுக்குத் திரும்பினால், சட்டப்படி ஆரோ எவரோ.

அவர்கள் வழக்குப் போட்டது சொத்துக்காக இல்லை. ஜோனின் மரணச் சான்றிதழில் வாழ்க்கைத்துணையாக ஜிம்மின் பெயர் இருக்கவேணும் எண்டுதான். ஒக்டோபரில் ஜோன் இறந்தார். 2015 யூன் 26இல் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து அந்த உரிமையை உறுதிசெய்தது.

மரணச் சான்றிதழ் எண்ட ஒரு துண்டுக் கடதாசியின் பாரம் எங்கட சனத்துக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்படியிருந்தும், இந்த அன்பைக் குற்றமாக்கிற தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகளைப் பற்றிக் கதைச்சால், 'இது எங்கட பிரச்சினையில்லை' எண்ட குரல்தான் முதலில் கேட்குது.

எங்கட சிநேகிதர் சிலருக்கு அது ஒவ்வொரு நாளும் பிரச்சினை. அவர்களும் 'எங்கட' தானே?