சோக் சுட்ட கதை

எம்.ஜி.ஆரை உங்களுக்குத் தெரியும். எம்.ஜி.பி.யைத் தெரியுமா? இரண்டே பேர் உட்காரக்கூடிய, கூரையை மடக்கிவிட்டுப் பறக்கக்கூடிய குட்டி ஸ்போர்ட்ஸ் கார். இங்கிலாந்தில் ஆபிங்டன் என்ற ஊரில் 1962-லிருந்து 1980 வரை செய்தார்கள். என் பெரியப்பா மகள் அக்காவின் வீட்டுக்காரர் லீட்ஸில் டாக்டர். 1972 மாடல் ஒன்றை முப்பது வருஷமாக வைத்திருக்கிறார். அந்த ஊருக்குப் போன புதிதில் செகண்ட் ஹேண்டில் வாங்கியது.

ஒரு ஜனவரியில் போயிருந்தேன். காலை ஏழரைக்கும் கும்மிருட்டு. மைனஸ் மூன்று டிகிரி. கராஜில் அத்தான் சாவியைத் திருப்பிக்கொண்டிருந்தார். 'ர்ர்ர்...ர்ர்... ர்...' அவ்வளவுதான்.

''நாளைக்கு ஒரு ஆள் வர்றான் மாப்ளே. வந்த விலைக்குத் தள்ளிடலாம்னு இருக்கேன். கோடையில தங்கமா ஓடுது. குளிர் வந்தாப் படுத்துக்குது. மூணு வருஷமா இதே கதை'' என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

மூன்று வருஷத்தில் என்னென்ன மாற்றியிருக்கிறார் தெரியுமா? ஸீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஆறு வோல்ட் பேட்டரி இரண்டு, ப்ளக், காயில், கடைசியாக ஸ்டார்ட்டர் மோட்டார். ''இந்தக் காசுல நான் ரெண்டு தடவை கோயமுத்தூர் வந்துட்டுப் போயிருப்பேன்'' என்றாள் அக்கா. பாருங்கள்... தும்மினால்கூட டெஸ்ட் எடுக்காமல் மாத்திரை தராத மனுஷன், கார் விஷயத்தில் மட்டும் மெடிக்கல் ஷாப்பில் தானே மாத்திரை வாங்கித் தின்கிற நம்ம ஊர்ப் பேஷன்ட் மாதிரி ஆகிவிட்டார்!

நான் பி.காம். எனக்கென்ன தெரியும் என்பீர்கள். அப்பா மேட்டுப்பாளையத்தில் டாக்ஸி ஓட்டினார். பழைய பெட்ரோல் அம்பாசிடர். எம்.ஜி.பி.யின் பானெட்டைத் திறந்ததும் வெளிநாட்டில் சொந்தக்காரனைப் பார்த்த மாதிரி இருந்தது. சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே சொந்தம். பி.எம்.சி. கம்பெனியின் பி-சீரிஸ் குடும்பம். அம்பாசிடரில் 1489 சி.சி., இதில் 1798 சி.சி. பெரியப்பா பிள்ளை!

ஊட்டிக்கு சவாரி போய் ராத்திரி தங்கினால், விடிகாலை உறைபனியில் அம்பாசிடரும் இப்படித்தான் முரண்டு பிடிக்கும். ப்ளக்குகளைக் கழற்றி டீக்கடை அடுப்பில் சுட்டு மாட்டுவார் அப்பா. இறக்கம் பார்த்து நிறுத்துவதெல்லாம் தனிக்கலை. ஆனால் அதற்கெல்லாம் முன்னால் அவர் சொல்வது ஒன்றுதான்: ''மொதல்ல காதால கேளு. அப்புறம் ஸ்பேனரைத் தொடு.''

கேட்டேன். சாவியைப் பாதி திருப்பினால் பின்பக்கம் பெட்ரோல் பம்ப் 'டக் டக் டக்' என்று அடித்து நின்றது. கார்ப்பரேட்டர் நிறைந்துவிட்டது என்று அர்த்தம். சோக்கை இழுத்துச் சுற்றினால் சைலன்ஸரில் பச்சைப் பெட்ரோல் வாடை. ஆக, சாப்பாடு போகிறது, நெருப்புதான் பற்றவில்லை. என்ஜின் சுற்றுவதோ கல்யாண வீட்டில் கிரைண்டர் கரன்ட் குறைந்து முனகுகிற மாதிரி.

''ஒரு நிமிஷம், நான் பார்க்கிறேன்'' என்று ஸீட்டில் உட்கார்ந்து நாலைந்து தடவை சுற்றினேன். சோக்கை உள்ளே தள்ளக் கை வைத்தேன். குமிழ் வெதுவெதுப்பாக இருந்தது.

மூச்சு விட்டால் புகை வருகிற குளிரில், ஒரு சோக் கேபிள் எதற்காகச் சூடாக வேண்டும்?

யோசியுங்கள். என்ஜின் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஸ்டார்ட்டர் குடிக்கிற கரன்ட் பேட்டரிக்குத் திரும்ப, என்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே கீழே ஒரு எர்த் பட்டை உண்டு. அது சரியில்லையென்றால் கரன்ட் சும்மா இருக்குமா? மெயின் ரோட்டில் பந்த் என்றால் பஸ் சந்துக்குள் நுழைகிற மாதிரி, சோக் கேபிள் வழியாகத் திரும்புகிறது. சந்து தாங்காமல் சூடாகிறது.

சந்தேகம் போதாதே, கணக்கு வேண்டும். இங்கேதான் பி.காம். வேலைக்கு வந்தது. மீட்டரை வாங்கி, அத்தானைச் சாவி திருப்பச் சொன்னேன். சுற்றும்போது பேட்டரியில் 10.2 வோல்ட். ஸ்டார்ட்டருக்குப் போய்ச் சேர்ந்ததோ 7.5. நடுவில் 2.7 காணோம். டிரையல் பேலன்ஸ் இடித்தால் நாங்கள் ராத்திரி தூங்க மாட்டோம்! பாஸிட்டிவ் கேபிளில் அளந்தேன்: 0.3. மன்னிக்கலாம். பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் என்ஜினுக்கும் நடுவே: 2.4. அரை வோல்ட்டுக்குமேல் இருக்கக் கூடாத இடம். டேலி!

''அப்ப கோடையில எப்படி மாப்ளே ஓடுச்சு?''

நியாயமான கேள்வி. கோடையில் ஆயில் நீர்த்திருக்கும், என்ஜின் லேசாகச் சுற்றும், கரன்ட் கொஞ்சம் போதும். திருடனும் கொஞ்சம்தான் எடுப்பான். குளிரில் ஆயில் வெல்லப்பாகு. ஸ்டார்ட்டர் அதிகம் கேட்கும். பேட்டரியோ குளிரில் குறைவாகத்தான் கொடுக்கும். திருடன் பங்கு மட்டும் ஏறும். மிச்சத்தில் காயிலுக்கு என்ன கிடைக்கும்? தீப்பொறி சோனி. பெட்ரோல் வேறு சரியாக ஆவியாகாமல் உள்ளே ஈரமாக ஒட்டிக்கொண்டிருக்கும். கோடைக்காரன் கண்ணுக்குத் தெரியாத நஷ்டம், குளிர்காலத்தில் திவாலாகிறது.

ஈரமான ப்ளக்குகளைத் துடைத்து மாட்டினேன். பேட்டரி ஜம்ப் பண்ணுகிற தடி கேபிளின் ஒரு முனையை என்ஜினில் கவ்வவிட்டு, இன்னொன்றைப் பாடியில் பெயின்ட் இல்லாத ஒரு போல்ட்டில் மாட்டினேன். ''இப்ப திருப்புங்க.''

ஒரே சுற்று. பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

அத்தான் ஒன்றும் பேசவில்லை. ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். டார்ச் அடித்து அடியில் பார்த்தால், அந்தப் பட்டை பச்சைக் களிம்பு ஏறி, பாதி இழை அறுந்து, தொங்கிக்கொண்டிருந்தது. மாற்றியதிலேயே மலிவான சாமான் அதுவாகத்தான் இருக்கும்.

அப்போது அவருடைய செல்போன் அடித்தது. நாளைக்கு வருகிற ஆள். அத்தான் என்ஜினை அணைக்கவில்லை. போனை எடுத்துக்கொண்டு, சத்தம் கேட்காத தூரத்துக்கு, வீட்டின் பின்பக்கமாக வேக வேகமாக நடந்தார். ''ஸாரி, ஸ்டார்ட்டே ஆக மாட்டேங்குது... உங்களை ஏமாத்த எனக்கு மனசு வரல...'' என்று இங்கிலீஷில் சொல்வது காற்றில் லேசாக வந்தது.

''பொய்யைப் பாரு'' என்றாள் அக்கா. சொல்லிக்கொண்டே, இடது பக்க ஸீட்டில் கிடந்த பழைய பில்களை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, துணியால் ஸீட்டைத் துடைக்க ஆரம்பித்தாள்.