ஒழுகிய இடம்

நாம் தமிழ் படிப்பிப்போர். இயந்திரக் கலை பயின்றவரல்லோம். ஆயினும், யூபிலி மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென்று மலர்க்குழுவினர் பணித்தபொழுது, நீர் ஒழுகிய மோட்டார் வண்டியொன்றின் கதையையே எழுதத் துணிந்தோம். அதன் பொருத்தம் ஈற்றிற் புலப்படும்.

எம் தந்தையார் எமக்கு விட்டுச்சென்ற வண்டி மொறிஸ் மைனர் 1000. அதன் எஞ்சின் 948 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடையது. மருந்து செய்யுமுன் நோயின் காரணத்தை ஆராய்க என்னும் திருக்குறளின் எண்ணும் 948. இவ்வொற்றுமையை வகுப்பில் ஆண்டுதோறும் வேடிக்கையாக எடுத்துரைப்போம். எடுத்துரைத்தோமேயன்றி அதன்வழி நின்றிலேம்.

சென்ற ஆண்டில் ஒருநாட் காலை, கொட்டகையில் நின்ற வண்டியின் முன்புறத்து நிலம் நனைந்திருக்கக் கண்டோம். மூடியைத் திறந்து பார்த்தால், றேடியேற்றரில் நீர் நான்கு விரற்கடை இறங்கியிருந்தது. கிணற்று நீர் வார்த்து நிரப்பினோம். மறுநாளும் அவ்வாறே. அடியிலுள்ள றப்பர்க் குழாயில் ஒரு துளி தொங்கக் கண்டு, அதன் கிளிப்பை முறுக்கி இறுக்கினோம், ஒழுக்கு நிற்கவில்லை. மஞ்சட்டூள் இட்டால் அடைபடும் என்றார் அயலவர் ஒருவர், அதனையும் இட்டோம். இரண்டு நாள் குறைந்து மூன்றாம் நாள் மீண்டது. பின்னர், பல் துலக்குவதுபோல நீர் வார்ப்பதும் எமக்கொரு நித்திய கருமமாயிற்று. மூன்று கிழமை இவ்வாறு கழிந்தது.

ஒருநாள் எம் அன்னையாரை வேலணையிலிருந்து ஏற்றிவருகையில், பண்ணைத் தாம்போதியின் நடுவே வண்டியின் முன்மூடி இடுக்குகளால் ஆவி எழுந்தது. வெப்பங் காட்டும் கருவி எம் வண்டியில் இல்லை. நண்பகல்; இருமருங்கும் கடல்; ஒதுங்க நிழலில்லை; அன்னையாருக்கோ 78 வயது. பதற்றத்தால் றேடியேற்றர் மூடியிற் கை வைத்தோம்.

"வாத்தியார், கையை எடும்! முகம் வெந்துபோம்!"

மோட்டார்ச் சைக்கிளை நிறுத்திவிட்டு ஓடிவந்தவரைத் திரும்பிப் பார்த்தோம். பாதி நரைத்த தலை. எண்ணெய் படிந்த கை. எம்மோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர்! எம்மையன்றி, எம் தந்தையாரின் வண்டியையே அவர் முதலில் அடையாளங் கண்டனராம். தம் குடையை அன்னையாருக்கு விரித்துக் கொடுத்து, எஞ்சின் ஆறும்வரை எம்மோடு காத்து நின்றார். பின்னர்ச் சிறிது சிறிதாக நீர் வார்த்து, வீடுவரை எம் பின்னே வந்தார்.

மறுநாள் மாலை ஆயுதப் பெட்டியோடு வந்தவர் வினாவியது ஒன்றே: "மூன்று கிழமையாய்த் தண்ணீர் வார்த்தீர். அது எங்கே போகிறதென்று பார்த்தீரோ?"

நாம் மறுமொழி கூறவில்லை.

எஞ்சினின் முன்புறத்தை ஈரமறத் துடைத்தார். வண்டியின் கீழே செய்தித்தாள்களைப் பரப்பினார். எஞ்சினைச் சூடேறும்வரை ஓடவிட்டு நிறுத்தினார். "ஓடும்பொழுது விசிறிக் காற்று துளியைச் சிதறடித்துவிடும், சூட்டில் உலர்ந்தும் போம். நிறுத்தியதும் உள்ளே நீரோட்டம் நின்று, இரும்பின் சூடு நீரில் ஏறும். அழுத்தங் கூடி, நலிந்த இடத்தால் நீர் வெளிவரும். நின்ற வண்டிதான் உண்மை சொல்லும்" என்றார்.

கால்மணி நேரத்தில் தாளில் ஈரம் தோன்றியது. துளி விழுந்தது அடிக்குழாயிலிருந்துதான். ஆனால் அவர் கைவிளக்கைப் பிடித்து, ஈரம் வந்த வழியை மேல்நோக்கித் தேடிச் சென்றார். நீர்ப்பம்பியின் அடியில் ஒரு சிறு துவாரம். அதிற் கசிந்த நீரே குழாயின்மேல் வழிந்து சொட்டியது.

"அதனை அடைத்துவிட்டால்?" என்றோம். நகைத்தார். அத்துவாரம் வண்டி செய்தோர் வேண்டுமென்றே இட்டதாம். பம்பியினுள்ளே நீரைத் தடுக்கும் சீல் தேய்ந்தால், கசியும் நீர் பெயாரிங்கை அடையாது அவ்வழியே வெளியேறிக் குறையை அறிவிக்கும். அடைத்தால் நீர் பெயாரிங்கை அரிக்கும். அது உடைந்தால், பம்பியின் அச்சிற் பூட்டிய விசிறி றேடியேற்றரைக் கிழிக்கும். "சொல்லுகிற வாயை அடைக்காதேயும், வாத்தியார்" என்றார்.

சனிக்கிழமை புதுப்பம்பி வந்தது. றேடியேற்றரைக் கழற்றி, விசிறியையும் பட்டியையும் நீக்கி, பம்பியை எடுத்தார். பழைய காஸ்கற்றின் எச்சத்தைச் சுரண்டித் துடைத்துப் புதியதை இட்டுப் பூட்டினார். றேடியேற்றரைக் கழுவியபொழுது மஞ்சட் சேறும் சுண்ணாம்புப் படிவும் வெளிவந்தன. "கேத்தலின் அடியில் வெள்ளை படிகிறதே, அந்தக் கிணற்று நீரையா இதற்குள் வார்ப்பது?" என்று கடிந்து, வடித்த நீரிற் கூலன்ற் கலந்து நிரப்பினார். அன்றிரவு விரித்த தாள் விடியலில் உலர்ந்தே கிடந்தது.

தேநீர் அருந்துகையில், யூபிலி அழைப்புக் கிடைத்ததோ என்று கேட்டோம். "நான் பழைய மாணவனோ? சோதனை எடுக்காமற் போனவன்" என்றார். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்விலே எல்லோரும் ஊரை விட்டகன்றோம். மறுவருடம் நாம் திரும்பினோம், வகுப்பும் மீண்டது, அவர் மீளவில்லை. பெற்றோல் அரிதாயிருந்த அந்நாளில் கார்களை மண்ணெண்ணெயில் ஓடவைத்த கராஜ் ஒன்றில் தொழில் பழகச் சேர்ந்துவிட்டார்.

எம் வகுப்பின் அழைப்புப் பட்டியலை எழுதியவர் நாமே. சோதனைக்குத் தோற்றியோரின் பெயர்களைப் பார்த்தே எழுதியிருந்தோம்.

திங்கட்கிழமை கல்லூரிக் காரியாலயத்தில் பழைய இடாப்பைக் கேட்டு வாங்கினோம். அவர் பெயருக்கு எதிரே வெறுங்கட்டங்கள். அவ்வாறே இன்னும் ஆறு பெயர்கள். வெறுமையான வாங்குகளில் புதியவர் வந்து அமர்ந்தனர். போனவர் எங்கே போயினர் என்று நாம் ஒருவரும் தேடவில்லை. அக்கட்டங்கள் இத்தனை ஆண்டும் சொல்லிக்கொண்டேயிருந்தன, நாம் கேட்டிலேம்.

அறுவரில் நால்வரைக் கண்டுபிடித்து அழைத்துவிட்டோம். இருவரைத் தேடிவருகின்றோம். நண்பரின் பெயர் இன்று பட்டியலில் உரிய இடத்தில் இருக்கிறது. இம்மலரைக் கையிலெடுக்கும் அன்பர்கள் தத்தம் வகுப்பு இடாப்பையும் ஒருமுறை புரட்டிப் பார்ப்பாராக.