பேரை விடு, இலக்கத்தைப் பிடி

வழக்கில் வென்ற அன்றைக்கே பழமும் பலகாரமுமாகக் கந்தோருக்கு வந்துவிடுகிறவர்கள் உண்டு. அவர்களைத் திருப்பி அனுப்ப மனம் வராது. ஆனால் இன்னார் இன்னாருக்கு இவ்வளவு கொடுக்கவேண்டும் என்று நீதிமன்றம் சொல்வது ஒரு வேலை, கொடுக்க வைப்பது இன்னொரு வேலை. அந்த இரண்டாவது வேலையைத்தான் கண்டியில் ஒரு சட்டத்தரணியின் கந்தோரில் கிளாக்கராக இருந்து செய்துவருகிறேன். எனக்கு ஊர் ஹேவாஹெட்ட. எங்களைத் தேடி வருகிறவர்களில் பாதிப்பேர் சர்வீஸ் காசு, அதாவது பணிக்கொடை, கிடைக்காத தோட்டத்து ஆட்கள். மீதிப்பேர் ஒரு ஏக்கர், அரை ஏக்கர் வைத்துப் பெக்டரிக்குக் கொழுந்து போட்டுக் காசு வராதவர்கள். தரவேண்டியது அநேகமாக ஒரு கம்பனியாக இருக்கும்.

தனி ஆள் கடன்காரன் என்றால் சொத்து அவன் பேரில் இருக்கும், தப்பினால் பெண்சாதி பேரில் இருக்கும். கம்பனிக்காரர் அப்படியில்லை. காணி ஒரு கம்பனியில், பெக்டரி இன்னொன்றில், தேயிலை விற்பது மூன்றாவதில், லொறிகள் நாலாவதில். எல்லாவற்றுக்கும் ஒரே கந்தோர், ஒரே டைரக்டர்மார், ஒரே பெரிய துரை. கடன் மட்டும், மேசை நாற்காலிகூடச் சொந்தமில்லாத ஒன்றின் தலையில் இருக்கும்.

"எல்லாம் ஒரே ஆளுகதானே ஐயா, மத்தக் கம்பனியில புடிக்க ஏலாதா?" என்று எல்லாருமே கேட்பார்கள். ஏலாது. 1897இல் லண்டனில் சாலமன் வழக்கில் சொன்னதுதான் 2007ஆம் ஆண்டு 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் நமக்கும் பொருந்துகிறது. பதிவான ஒவ்வொரு கம்பனியும் சட்டத்தின் கண்ணில் தனி ஆள். அண்ணன்மேல் எடுத்த தீர்ப்பைக் காட்டித் தம்பி வீட்டுக் கதவைத் தட்டமுடியாது. மோசடிக்காகவே கட்டிய கம்பனி என்று காட்டினால் நீதிமன்றம் கம்பனி என்ற திரையை விலக்கிப் பார்க்கும்தான். ஆனால் அது கொழும்பில் பெரிய லோயர்மார் நின்று வருடக்கணக்கில் பேசுகிற வழக்கு. கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த அம்மாவுக்கு அவ்வளவு ஆயுள் கிடையாது. ஆகவே எங்கள் வேலை திரையைக் கிழிப்பதல்ல, திரைக்கு இந்தப் பக்கமே எதை எடுக்கலாம் என்று தேடுவது.

எனக்கு இதைக் கற்றுத்தந்த பெரிய கிளாக்கர் ஐயா அதிகம் பேசமாட்டார். புது பைல் வந்தால் பென்சிலை எடுத்து அட்டையின் மூலையில் முதலில் எழுதுவது கம்பனியின் பேரல்ல, பதிவு இலக்கம். பிவி என்றால் தனியார் கம்பனி, பிபி என்றால் பொதுக் கம்பனி, பிகியூ என்றால் பங்குச் சந்தையில் உள்ளது. ஒரு வழக்கு முடியும் தறுவாயில் கடன்காரக் கம்பனி தன் பேரை மாற்றிக்கொண்டது, பழைய பேரைச் சகோதரக் கம்பனி ஒன்று எடுத்துக்கொண்டது. பழைய பேரில் போன எழுத்தாணை, "எங்களுக்கு இதில் சம்பந்தமில்லை" என்ற பதிலோடு திரும்பி வந்தது. அவர்கள் சொன்னதும் பொய்யில்லை. மூலையில் இருந்த பென்சில் எழுத்துத்தான் வழியைக் காட்டியது. பேர் மாறும், இலக்கம் மாறாது. கம்பனிப் பதிவாளரிடம் வருடாந்த அறிக்கையை எடுத்துப் பார்த்தால் டைரக்டர் யார், பங்கு யாரிடம், பதிவுக் கந்தோர் எங்கே என்பது தெரியும். அடமானப் பதிவைப் பார்த்தால் வங்கி எதை ஏற்கெனவே பிடித்து வைத்திருக்கிறது என்பதும் தெரியும். இதையெல்லாம் வழக்குப் போடுவதற்கு முன்பே எடுத்துவிடவேண்டும்.

ஏனென்றால் சகோதரக் கம்பனியிடம் வாங்குவதற்கு மிகச் சுலபமான வழி, அதையும் ஆரம்பத்திலேயே எதிராளியாகப் போடுவதுதான். தீர்ப்புக்குப் பிறகு ஓடித் தேடுகிறவர்களில் பலர் முதல் நாளே செய்திருக்கவேண்டியது இது. கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தில் தொழில்தருநர் என்பதற்கான விளக்கம் அகலமானது. இன்னொருவர் சார்பில் ஆளை வேலைக்கு வைப்பவரும் அதற்குள் வருவார். 1992இல் அரசின் தோட்டங்கள் 22 பிராந்தியக் கம்பனிகளாகப் பிரிந்து முகாமைக் கம்பனிகளின் கைக்குப் போன பிறகு, தோட்டத்துக்காரருக்கு இந்த வரி எவ்வளவு முக்கியம் என்று யோசித்துப் பாருங்கள். காணி ஒருவரிடம், குத்தகை ஒருவரிடம், நடத்துவது ஒருவர் என்றால், வேலைக்குப் பேர் போடுவது யார் என்று கேட்டுத்தானே ஆகவேண்டும்?

அந்தக் கேள்விக்குப் பதில் லயத்தில் இருக்கிறது. பிஸ்கட் டின்னில் போட்டு வைத்த சம்பளத் துண்டுகள், சேமலாப நிதியின் பி கார்ட், கணக்குக் கூற்று, சமயத்தில் தீபாவளி முற்பணம் வாங்கிய துண்டுகூட. ஒவ்வொன்றிலும் என்ன பேர் அச்சாகியிருக்கிறது, தொழில்தருநர் இலக்கம் எங்கே மாறுகிறது என்று திகதி வாரியாக அடுக்கவேண்டும். ஒரு அம்மாவின் டின்னில் ஒரே மலையில் எடுத்த கொழுந்துக்கு மூன்று கம்பனிகளின் பேர் இருந்தது. அவர் ஒரு நாளும் மலையை விட்டு இறங்கியதில்லை. கம்பனிகள்தான் மாறியிருக்கின்றன. கடைசிக் கம்பனியை மட்டும் போட்டிருந்தால் ஆரம்ப வருடங்களின் பணிக்கொடை காற்றோடு போயிருக்கும். 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் 5 வருடம் முடித்த நாட்சம்பளக்காரருக்கு, வருடத்துக்கு 14 நாள் சம்பளம் என்பது சட்டம். ஒரு வருடம் விட்டாலும் அது அந்த அம்மாவின் 14 நாள் வெயிலும் மழையும். வேலையிலிருந்து நிறுத்தினால் தொழில் நியாய சபைக்குப் போக 6 மாதம்தான் தவணை என்பதால், டின்னைக் கிளறுவதில் சுணக்கம் கூடாது.

தீர்ப்பு வந்தாயிற்று, கடன்காரக் கம்பனி வெறும் கூடு என்றால் என்ன செய்வது? குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 219ஆம் பிரிவைத் திறக்கவேண்டும். கம்பனியின் அலுவலரைக் கூண்டில் ஏற்றிச் சொத்து விபரம் கேட்கலாம், புத்தகங்களைக் கொண்டுவரச் சொல்லலாம். புதிதாக வருகிறவர்கள் "உங்களிடம் என்ன இருக்கிறது?" என்று கேள்வி எழுதிக்கொடுப்பார்கள். ஒன்றுமில்லை என்று பதில் வரும், அதோடு முடிந்தது. ஐயா கேள்வி எழுதுகிற விதமே வேறு. "உங்களுக்கு யார் தரவேண்டும்? பெக்டரியை யார் ஓட்டுகிறார்? வாடகை எவ்வளவு? கடைசியாக எப்போது வந்தது?"

எங்கள் பக்கத்துப் பெக்டரி ஒன்றில் இந்தக் கேள்விகள்தான் காசு கொண்டுவந்தன. கொழுந்துக் காசு தரவேண்டிய கம்பனி ஸ்டோரையும் மெஷின்களையும் சகோதரக் கம்பனிக்குக் குத்தகைக்கு விட்டிருந்தது. குத்தகைக் காசு கணக்கில் ஏறிக்கொண்டே இருந்தது, கைமாறவில்லை. அப்படியென்றால் சகோதரக் கம்பனி நம் கடன்காரனுக்குக் கடன்காரன். 229ஆம் பிரிவின் கீழ் தடை அறிவித்தல் போனது. அந்தக் காசைக் கடன்காரனுக்குக் கொடுக்காதே, நீதிமன்றத்துக்குக் கட்டு என்பதுதான் அதன் சாரம். திரை திரையாகவே இருந்தது, காசு மட்டும் இந்தப் பக்கம் வந்தது. அந்தக் கம்பனி கடனை மறுத்திருந்தால் விசாரணை என்று இழுத்திருக்கும். கையில் குத்தகை உடன்படிக்கை இருந்ததால் மறுக்க வழியில்லை. சகோதரக் கம்பனி பங்குச் சந்தையில் இருந்தால் இன்னும் வசதி. அதன் ஆண்டறிக்கையில் தொடர்புபட்ட தரப்பினர் பற்றிய குறிப்பு ஒன்று இருக்கவேண்டும். யாருக்கு எவ்வளவு பாக்கி என்று அவர்களே அச்சடித்து வைத்திருப்பார்கள். மற்ற எல்லாப் பக்கத்தையும் விட்டுவிட்டு அதை மட்டும் படியுங்கள்.

தேயிலையில் இன்னொரு வாசல் உண்டு. பெக்டரியின் தேயிலை அதன் மார்க்கின் கீழ் கொழும்பு ஏலத்தில் தரகர் மூலம் விற்பனையாகிறது. விற்ற பணத்தில் 68 வீதம் கொழுந்து போட்டவருக்கு, 32 வீதம் பெக்டரிக்கு என்பதுதான் கணக்கு. அந்தப் பணம் தரகரிடம் எந்தக் கம்பனியின் பேரில் ஏறுகிறது என்று கண்டுபிடித்தால் அங்கேயும் தடை அறிவித்தல் கொடுக்கலாம். ஆனால் தரகர் முற்பணம் கொடுத்திருந்தால் அவர் கழித்தது போக மிச்சம்தான் நமக்கு.

பொருளைப் பிடிக்கப் போகும்போது ஆத்திரம் ஆகாது. வாசலில் நிற்கும் லொறியைப் பார்த்ததும் நீதிமன்றத்தின் பிஸ்காலைக் கூட்டிக்கொண்டு ஓடுகிறவர்கள், அதன் பதிவுப் புத்தகமான சீஆர் புத்தகத்தைப் பார்த்த பிறகு லீசிங் கம்பனியின் கேள்விக்குப் பதில் தேடவேண்டியிருக்கும். 241ஆம் பிரிவின் கீழ் உரிமை கோரல் வரும், மாதங்கள் போகும், செலவும் நம் தலையில். காணியும் அப்படித்தான். ஹேவாஹெட்ட என்றால் கண்டிதானே என்று கண்டிக் காணிப் பதிவகத்தில் மட்டும் தேடினால் பாதி கைநழுவும். பாத்தஹேவாஹெட்ட கண்டி மாவட்டம், உடஹேவாஹெட்டப் பக்கம் நுவரெலியா மாவட்டம். ஒரே கம்பனியின் காணி எல்லைக்கு இரண்டு பக்கமும் கிடக்கலாம்.

கடன் வந்த பிறகு காணியைச் சகோதரக் கம்பனிக்கு எழுதிவிட்டால்? உறுதியின் திகதியையும் வழக்குத் திகதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். கடன்கொடுத்தவரை ஏமாற்றக் கைமாற்றியதை ரத்துச் செய்ய ரோமன் டச்சுச் சட்டம் பவுலியன் வழக்கை வைத்திருக்கிறது. இலவசமாக எழுதிய உறுதி என்றால் நம் பாரம் குறைவு. விலை கொடுத்ததாக எழுதியிருந்தால் அந்த விலை எந்த வங்கிக் கணக்கில் விழுந்தது என்று 219இல் கேட்கவேண்டும்.

சேமலாப நிதி பாக்கிக்கு இவ்வளவு சுற்றத் தேவையில்லை. தொழில் ஆணையாளர் சான்றிதழ் கொடுத்தால் நீதவான் நீதிமன்றம் அதைத் தண்டப்பணம் போல அறவிடும். 12 மாதம் தாண்டினால் மேலதிகக் கட்டணமே 50 வீதம். குற்றம் கம்பனியுடையது என்றாலும் டைரக்டர்மார் நேரில் வந்து நிற்கவேண்டும். கடிதத்துக்குப் பதில் போடாத துரைமார் அன்றைக்குக் காலையிலேயே வந்துவிடுவார்கள். சமரசம் பேசுவதற்கு அதுதான் நேரம். தவணைக்கு ஒத்துக்கொள்ளுங்கள், ஆனால் சொத்துள்ள சகோதரக் கம்பனி பிணையாகக் கையெழுத்துப் போட்டு, அது நீதிமன்றப் பதிவில் ஏறவேண்டும். ஐயா இதில் மட்டும் விட்டுக்கொடுக்கமாட்டார். "பேச்சுக்கு வட்டி கெடயாது, கையெழுத்துக்குத்தான் வட்டி" என்பார். எந்தச் சட்டத்தாலும் இழுத்துவர முடியாத கம்பனியை அதன் சொந்தக் கையெழுத்து இழுத்துவரும்.

இந்த வேலைக்கு வர நினைக்கிற தம்பி தங்கச்சிமாருக்குச் சொல்ல என்னிடம் பெரிதாக ஒன்றுமில்லை. பணத் தீர்ப்பை நிறைவேற்றக் கோவை 10 வருடம் தருகிறது. கடன்காரர் நம் சலிப்பை நம்பித்தான் இருக்கிறார், சலிக்காதீர்கள். ஒவ்வொரு பைலிலும் திகதி வாரியாக ஒரு தாள் வையுங்கள். இலக்கத்தை மூலையில் எழுதுங்கள். சகோதரக் கம்பனியைத் திட்டுவதில் நேரத்தைச் செலவழிக்காமல், அது நம் கடன்காரனுக்கு என்ன தரவேண்டும் என்று தேடுங்கள். தோட்டத்து ஆட்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள்: சம்பளத் துண்டை அடுப்பில் போடாதீர்கள். உங்கள் வழக்கின் பாதி அதில்தான் இருக்கிறது.