35-ஆம் தெருவில் ஒரு தோல்வித் திருவிழா

சிகாகோவில் பேஸ்பால் பார்க்க வரும் வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் ரெட் லைன் ரயிலில் வடக்கே போய் அடிசனில் இறங்குவார்கள். ரிக்லி ஃபீல்டும் கப்ஸ் அணியும் சுவரில் படர்ந்த கொடியும் அங்கேதான். நான் அதே ரயிலில் தெற்கே போய் 35-ஆம் தெருவில் இறங்கினேன். 2024 செப்டம்பர் 24. நகரின் இன்னொரு அணியான ஒயிட் சாக்ஸ் அதுவரை 120 ஆட்டங்களில் தோற்றிருந்தது. இன்னும் ஒன்று தோற்றால், 1900-க்குப் பிறகு ஒரே சீசனில் யாரும் தோற்காத அளவு.

1962-இல் நியூயார்க் மெட்ஸும் 120 தோற்றது. ஆனால் அது அந்த அணி பிறந்த வருடம். மற்றவர்கள் கழித்துவிட்ட ஆட்களை வைத்து ஆடியது. ஒயிட் சாக்ஸ் அப்படியில்லை. 2005-இல் உலகத் தொடரை வென்ற அணி, 2021-இல்கூடத் தன் பிரிவில் முதலிடம்.

மைதானத்துக்கு எதிரே கார் நிறுத்துமிடத்தில் ஒரு கல் பதித்திருக்கிறார்கள். 1910 முதல் 1990 வரை நின்ற, அணியின் பழைய மைதானமான கோமிஸ்கி பார்க்கின் ஹோம் பிளேட் இருந்த இடம். அதைச் சுற்றி ஆட்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

பக்கத்து இருக்கைப் பெரியவர் அந்த வருடக் கதையைத் தானாகவே சொல்லத் தொடங்கினார். முதல் 25 ஆட்டங்களில் 3 வெற்றி. சீசன் தொடங்கும் முன்பே முக்கியமான பிட்சர் டிலன் சீஸை வேறு அணிக்குக் கொடுத்தாயிற்று. ஜூலையில் இன்னும் சிலர் போனார்கள். ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் முதல் வாரம் வரை தொடர்ந்து 21 தோல்வி. அது முடிந்த இரண்டாம் நாள் மேனேஜர் பெட்ரோ கிரிஃபோலை அனுப்பிவிட்டார்கள். ஆறு மாதத்தில் 162 ஆட்டம். ஏறக்குறைய தினமும் வேலைக்குப் போய்த் தோற்றுவிட்டு வர வேண்டும். கிரிக்கெட்டில் ஒரு தொடர் தோற்றாலே நாம் என்ன ஆட்டம் ஆடுகிறோம்!

எதிரணியான ஏஞ்சல்ஸ் 2-0 என முன்னால் இருந்தது. கூட்டம் கத்தியது, ஆனால் ஆட்டக்காரர்களைப் பார்த்து அல்ல. "டீமை வித்துடு! டீமை வித்துடு!" 1981 முதல் அணியைக் கையில் வைத்திருக்கும் ஜெர்ரி ரைன்ஸ்டார்ஃபுக்கான கூப்பாடு அது. என் பார்வையில் அந்த ஆத்திரம் சரியான விலாசத்துக்குத்தான் போனது. களத்தில் நின்ற பையன்கள் அகப்பட்டவர்கள், அவ்வளவுதான்.

எட்டாவது இன்னிங்ஸில் மூன்று ரன் எடுத்து ஒயிட் சாக்ஸ் வென்றுவிட்டது! சரித்திரம் பார்க்க வந்தவர்களுக்குச் சிரிப்பதா சலித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. பெரியவர் மட்டும் எழுந்து நின்று கைதட்டினார். அடுத்த இரண்டு நாளும் வென்றார்கள். 121-ஆவது தோல்வி 27-ஆம் தேதி டெட்ராய்ட்டில் வந்தது. அதே ஆட்டத்தில் வென்று டெட்ராய்ட் டைகர்ஸ் பிளேஆஃப் போனது.

மோசமாகத் தோற்பவர்களுக்கு, இளம் வீரர்களை எடுக்கும் டிராஃப்டில் முதல் வாய்ப்புக் கிடைக்கலாம் என்பது இந்த ஆட்டத்தின் ஆறுதல் பரிசு. அதற்கும் ஒரு குலுக்கல் உண்டு. வருமானப் பகிர்வில் பங்கு வாங்காத அணி அந்தக் குலுக்கலில் தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் இடம் பெற முடியாது என்பது விதி. முந்தைய ஆண்டே அதில் இடம் பெற்றுவிட்டதால், 41 வெற்றி, 121 தோல்வியோடு கடைசியில் நின்ற ஒயிட் சாக்ஸுக்கு 2025 டிராஃப்டில் கிடைத்தது 10-ஆவது இடம்.